பிற்சேர்க்கைக்கு உரிய காலம் எது?

சென்ற கோடை விடுமுறையில் சித்தூருக்குப் போயிருந்தேன். மாலை நேரம். தம்பி கணினியின் முன் அமர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். திடீரென்று அந்த அறையிலிருந்து புதுக் குரல் ஒன்று தமிழில் ஏதோ சொல்லிற்று. அடுப்படியில் இருந்த அம்மா, "யாருடா வந்திருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். வந்தவர் யாரும் இல்லை. தம்பியின் ஆட்டத்தில் போர்வீரன் ஒருவன் கட்டளைக்கு மறுமொழி சொல்லியிருந்தான், அவ்வளவே.

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். தம்பி என்னை விடவில்லை.

"அண்ணா, இந்த ஆட்டம் எப்போது வந்தது?"

"1999-இல்."

"தமிழ் பேசுகிற படை இதில் எப்போது வந்தது?"

"2022-இல்."

"நடுவில் 23 வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நீ எனக்கு வாங்கிக் கொடுத்த இன்னோர் ஆட்டத்தில், வெளியான அன்றைக்கே கூடுதல் பகுதி என்று தனிப் பணம் கேட்டார்களே! அவர்களுக்கு மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிந்தது?"

அவன் சொன்ன அந்த இன்னோர் ஆட்டத்தை நான் மறக்கவில்லை. தோத்தாப்புரி மாங்காய் குவியும் பருவத்தில், எங்கள் ஊர் மாங்கூழ் ஆலை ஒன்றின் வாயிலில் நின்று லாரிகளின் எடையை எழுதி நான் ஈட்டிய பணத்தில் வாங்கியது அது. வெளியான நாளிலேயே வாங்கினோம். திறந்தவுடன், "இந்த வீரனும் வேண்டுமா? மேலும் பணம் செலுத்துக" என்ற அறிவிப்பு எங்களை எதிர்கொண்டது. தம்பியின் முகம் வாடியதை இன்றும் நினைக்கிறேன்.

ஒரு பக்கம் ஒரே நாள். மறு பக்கம் 23 ஆண்டு. எது முறை? எது முறையன்று? அன்று என்னால் தெளிவாக விடை சொல்ல இயலவில்லை. திருப்பதிக்குத் திரும்பி, விடுதி அறையில் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். அவ்வாறு எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

பிற்சேர்க்கை என்பது யாது?

ஒரு கணினி விளையாட்டு வெளியான பின், அதனோடு இணைத்து ஆடுவதற்கென இணையத்தின் வழியாக இறக்கிக்கொள்ளும் பகுதியை நம் மாணவர்கள் 'டி.எல்.சி.' என்று வழங்குகிறார்கள். நான் அதனைப் பிற்சேர்க்கை என்று குறிப்பிடுகிறேன். புதிய நிலப்பகுதி, புதிய கதை, புதிய வீரன், புதிய உடை ஆகிய எதுவும் பிற்சேர்க்கை ஆகலாம்.

இணையம் வலுப்பெறுவதற்கு முன்னரும் இது இருந்தது. ஆனால் அன்று அது குறுந்தட்டாகக் கடைக்கு வந்தது. என் தம்பி ஆடிய 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 1999 செப்டம்பரில் வெளியாயிற்று. அதன் முதற் பிற்சேர்க்கையாகிய 'தி கான்கரர்ஸ்' 2000 ஆகஸ்டில் வந்தது. ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. தட்டு அச்சிட வேண்டும். பெட்டியில் இட வேண்டும். ஊர் ஊராக அனுப்ப வேண்டும். கடையில் அடுக்க வேண்டும். இவ்வளவு செலவு செய்து சிறு பொருளை விற்றால் கட்டுப்படி ஆகுமா? ஆகாது. ஆகவே ஓராண்டு உழைத்துப் பெரியதொரு பகுதியை உருவாக்கியே விற்றார்கள். அன்று காலத்தை வகுத்தது செலவு.

இணையம் அந்தத் தடையை நீக்கிற்று. அதன் பிறகு எவ்வளவு சிறிய பொருளையும், எந்த நாளிலும் விற்கலாம் என்ற நிலை வந்தது. 2006 மார்ச்சு 20-ஆம் நாள் 'ஒப்ளிவியன்' என்ற புகழ்பெற்ற ஆட்டம் வெளிவந்தது. இரண்டே வாரம் கழித்து, ஏப்ரல் 3-ஆம் நாள், அந்த ஆட்டத்தில் வரும் குதிரைக்குப் பூட்டும் கவசம் ஒன்று தனியாக விற்பனைக்கு வந்தது. விலை இரண்டரை டாலர். கவசத்தால் ஆட்டத்தில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. குதிரை அழகாகத் தோன்றும். உலகெங்கும் ஆடுவோர் எள்ளி நகையாடினர். எனினும் பலர் வாங்கவும் செய்தனர்! நகைப்பைக் காட்டிலும் விற்பனையே வணிகர் காதில் நன்றாக விழுந்தது. இன்று நாம் காணும் பிற்சேர்க்கைச் சந்தைக்கு அந்தக் குதிரைக் கவசம் ஒரு தொடக்கம் எனலாம்.

அன்றைக்கே வருவது ஏன்?

வெளியீட்டு நாளிலேயே பிற்சேர்க்கை வந்தால், "செய்து முடித்த ஆட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தனியே விற்கிறார்கள்" என்று நாம் சினம் கொள்கிறோம். அந்தச் சினத்தில் நியாயம் உண்டு. ஆயினும் மறுபக்கத்தையும் கேட்டறிவது கற்றவர் கடமை அன்றோ?

முதற் காரணம், வேலை நடக்கும் ஒழுங்கு. ஒரு பெரிய ஆட்டத்தை உருவாக்குவோர் அனைவரும் ஒரே நாளில் வேலையை முடிப்பதில்லை. கதை எழுதுவோரும் உருவம் வரைவோரும் முதலில் முடித்துவிடுவர். பிழை களைவோர் கடைசி நாள் வரை உழைப்பர். பிறகு, ஆட்டம் எந்தப் பொறியில் ஓடுமோ அந்தப் பொறியின் நிறுவனத்தார் அதனைச் சோதிக்க வேண்டும். தட்டு அச்சாக வேண்டும். இந்த இடைக்காலம் வாரக்கணக்கில் நீளும். கை ஓய்ந்த ஓவியர்களை அந்நாள்களில் பிற்சேர்க்கை வேலையில் அமர்த்துகிறார்கள். அவ்வாறு செய்த பகுதி, தட்டு கடைக்கு வரும் நாளில் தானும் ஆயத்தமாக இருப்பது வியப்பன்று.

இரண்டாம் காரணம், பழைய தட்டுகளின் விற்பனை. ஒருவர் ஆடி முடித்த தட்டை மற்றொருவர் பாதி விலைக்கு வாங்கினால், உருவாக்கியவருக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை. ஆகவே 2010-இல் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட் 2' பெட்டிக்குள் ஒருமுறை மட்டுமே பயன்படும் குறியீடு ஒன்றை வைத்தார்கள். புதிதாக வாங்கியவர் அதைக் கொண்டு கூடுதல் பகுதிகளைப் பெற்றார். பழையது வாங்கியவர் தனியே பணம் செலுத்த நேர்ந்தது.

மூன்றாம் காரணமே நுட்பமானது. சில பிற்சேர்க்கைகள் பிந்தி வந்தால் பயனற்றுப் போகும். 2012 மார்ச்சு 6-ஆம் நாள் 'மாஸ் எஃபெக்ட் 3' வெளியாயிற்று. அதே நாளில் 'ஃப்ரம் ஆஷஸ்' என்ற பிற்சேர்க்கை பத்து டாலருக்கு வந்தது. அதில் கிடைப்பவர் கதை முழுதும் நாயகனோடு உடன் வரும் ஒரு துணைவர். நாம் கதையை முடித்து ஆறு திங்கள் கழித்து அவர் வந்து நின்றால் யாருக்கு என்ன பயன்? போர் முடிந்த பின் வந்த படைத்துணை போல் ஆகுமே! ஆகவே அவர் முதல் நாளிலேயே வரவேண்டியவர். ஆனால் முதல் நாளிலேயே வரவேண்டிய ஒருவரைத் தனி விலைக்கு ஏன் வைக்க வேண்டும் என்று ஆடுவோர் கேட்டனர். அந்தக் கேள்விக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

அதே மார்ச்சில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பின்னாளில் விற்கவிருந்த 12 போர்வீரர்கள், வாங்கிய தட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டுக் கிடந்ததை ஆடுவோர் கண்டுபிடித்தனர். கையில் இருக்கும் தட்டில் உள்ளதைத் திறக்க மறுபடியும் விலை! வீட்டை விற்றுவிட்டு ஓர் அறையின் சாவியை மட்டும் விற்றவரே வைத்துக்கொண்டால் நாம் என்ன சொல்வோம்?

சில திங்கள் கழித்து வருவது

கதை ஆட்டங்களுக்கு இயற்கையான ஒரு வாழ்நாள் உண்டு. முதல் சில வாரங்களில் பலர் ஆடுவர். முடித்தவர் வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவர். சிலர் பாதியிலேயே நிறுத்திவிடுவர். பிற்சேர்க்கை பிந்தினால் வாங்குவோர் குறைவர். முந்தினால் ஐயம் வளரும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பது எளிதன்று.

போலந்து நாட்டவர் உருவாக்கிய 'தி விட்சர் 3' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2015 மே 19-இல் ஆட்டம் வெளிவந்தது. தொடர்ந்து வந்த வாரங்களில் 16 சிறு சேர்க்கைகளை விலையின்றிக் கொடுத்தார்கள். உடை, சிறு கதை போன்றவை அவை. முதற் பெரிய பிற்சேர்க்கை அக்டோபர் 13-இல் வந்தது. இரண்டாவது 2016 மே 31-இல் வந்தது. சிறியதை உடனே, இலவசமாக; பெரியதைப் பொறுத்து, விலைக்கு. இந்த ஒழுங்கை மக்கள் மனமார வரவேற்றனர்.

ஆண்டுகள் கழித்து வருவது

இன்னும் நெடிது காத்திருந்து வந்தவையும் உண்டு. 'எல்டன் ரிங்' 2022 பிப்ரவரி 25-இல் வந்தது. அதன் பிற்சேர்க்கை 2024 ஜூன் 21-இல், ஏறத்தாழ இரண்டு ஆண்டு நான்கு திங்கள் கழித்து வந்தது. அளவில் அதுவே தனி ஆட்டம் போன்றது. அவ்வளவு பெரியதை விரைந்து செய்ய இயலாது. ஆனால் நெடிய இடைவெளிக்கு ஓர் இடையூறு உண்டு. ஆடுபவர் கை பழக்கத்தை மறந்திருப்பார், கதையையும் மறந்திருப்பார். அந்தப் பிற்சேர்க்கைக்குள் நுழைய வேண்டுமானால் மூல ஆட்டத்தில் இரு பெரும் பகைவரை முன்பே வென்றிருக்க வேண்டும். பலர் பழைய ஆட்டத்தை மீண்டும் தொடங்கிப் பாடம் ஒப்புவிப்பது போல் பயின்று வந்தனர்.

'சைபர்பங்க் 2077' கதை வேறு. 2020 டிசம்பர் 10-இல் அது பிழைகள் மலிந்த நிலையில் வெளிவந்தது. ஒரு நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அதைச் சில திங்கள் விலக்கி வைத்தது. அந்நிலையில் பிற்சேர்க்கை விற்றால் யார் மதிப்பர்? முதலில் ஆட்டத்தைச் செப்பனிட்டனர். 2023 செப்டம்பரில் மூல ஆட்டத்தை விலையின்றிப் பெருமளவு திருத்திக் கொடுத்து, அடுத்த சில நாளில், 26-ஆம் தேதி, பிற்சேர்க்கையை விற்றனர். பழைய கடனை அடைத்த பின்னரே புதிய வாணிகம். கெட்ட பெயர் எடுத்தவர்கள் நற்பெயரை மீட்ட வழி அது.

இருபத்து மூன்று ஆண்டு

இனித் தம்பியின் முதற் கேள்விக்கு வருவோம்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கதை முடிந்தவுடன் முடியும் ஆட்டம் அன்று. அது சதுரங்கம் போன்றது. ஆடுவோர் இருவர் இருந்தால் நாள்தோறும் புதிதாகத் தொடங்கலாம். முடிவு இல்லாத ஆட்டத்துக்குப் பிற்சேர்க்கை எந்த ஆண்டு வந்தாலும் பிந்தியது ஆகாது. 23 ஆண்டு கழித்தும் வர முடிந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

ஆனால் ஏன் அதற்கு முன் வரவில்லை? ஆட்டத்தை உருவாக்கிய 'என்செம்பிள்' நிறுவனம் 2009-இல் மூடப்பட்டது. அதன் பின் ஆட்டத்தைக் காத்தவர்கள் அதன் மேல் பற்றுக்கொண்ட ஆட்டக்காரர்களே. அவர்களில் ஒரு குழுவினர் 2012 டிசம்பரில் தாமாகவே ஒரு பிற்சேர்க்கை செய்து இலவசமாக வெளியிட்டனர். 2013 ஏப்ரலில் மூல ஆட்டம் மெருகேற்றப்பட்டு மறுபடி வந்தது. அந்த ஆர்வலர் செய்ததே அதே ஆண்டு நவம்பரில் 'தி ஃபர்காட்டன்' என்ற பெயரில் முறையான பிற்சேர்க்கை ஆயிற்று. அதில்தான் இந்தியர் முதன்முதலில் இடம்பெற்றனர். ஆனால் காசுமீரம் முதல் குமரி வரை அனைவரும் 'இந்தியர்' என்ற ஒரே படையாக இருந்தனர்.

2019 நவம்பரில் ஆட்டம் இரண்டாம் முறை புதுக்கப்பட்டது. அதற்கு 2021 சனவரியிலும் ஆகஸ்டிலும் பிற்சேர்க்கைகள் வந்தன. 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தது. வங்காளர், கூர்ச்சரர், திராவிடர் என்று புதிய படைகள் மூன்று. பழைய 'இந்தியர்' படைக்கு 'இந்துஸ்தானியர்' என்று பெயர் மாற்றம். திராவிடருக்கு உருமி வாள் சுழற்றும் வீரன் உண்டு. திரிசடை என்ற பெருங்கப்பல் உண்டு. இராசேந்திர சோழன் வரலாற்றைத் தொடர்ந்து ஆடும் கதைப் பகுதியும் உண்டு. அந்தப் படையினர் பேசும் மொழி தமிழ்.

அந்த ஏப்ரல் திங்களை நாம் மறக்க மாட்டோம். அதே திங்கள் 4-ஆம் நாள்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று.

ஒன்றாக ஆடுவோரைப் பிரிக்காமை மற்றொரு சிறப்பு. பிற்சேர்க்கை வாங்கியவரும் வாங்காதவரும் இதில் எதிரெதிர் நின்று ஆடலாம். வாங்காதவர் புதிய படையைத் தாமே தேர்ந்தெடுக்க முடியாது, அவ்வளவுதான். வேறு சில சுடும் ஆட்டங்களில் புதிய களங்களை விலைக்கு விற்றதால், வாங்கியவர் ஒரு பக்கமும் வாங்காதவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, இரு பக்கமும் ஆள் குறைந்ததுண்டு. அதனால்தான் 2016-இல் 'டைட்டன்ஃபால் 2' தன் புதிய களங்களை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது.

கடனும் கொடையும்

விடுதியில் என் அறைத்தோழர் தெலுங்கு இலக்கியம் பயில்கிறார். இவை அனைத்தையும் நான் அவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்கள் மகாபாரதத்தை விடவா பிந்திவிட்டது?" என்றார். உண்மைதான். 11-ஆம் நூற்றாண்டில் நன்னயர் தெலுங்குப் பாரதத்தைத் தொடங்கி, மூன்றாம் பருவமாகிய ஆரணிய பருவத்தின் நடுவே நிறுத்தினார். 13-ஆம் நூற்றாண்டில் திக்கனர் நான்காம் பருவத்திலிருந்து இறுதி வரை பாடினார். விடுபட்டிருந்த ஆரணிய பருவத்தின் எஞ்சிய பகுதியை 14-ஆம் நூற்றாண்டில் எர்ரனர் நிறைவு செய்தார். நன்னயரை ஆதரித்த இராசராச நரேந்திரன் நம் இராசேந்திர சோழனின் மருமகன் என்பதையும் நண்பர் நினைவூட்டினார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எர்ரனர் செய்தது குறையை நிரப்புதல். அது நிரம்பும் வரை நூல் முழுமை பெறவில்லை. காளத்தியில் நாம் காண்பது வேறு. தேவாரம் பாடிய மூவர் காலத்திலேயே அங்குக் கோயில் வழிபாடு இருந்தது. கிருட்டிணதேவராயர் இராச கோபுரம் எழுப்பியது 1516-இல். கோபுரம் இல்லாத அந்த நூற்றாண்டுகளில் சென்றவர் எவரும் பாதி வழிபாட்டோடு திரும்பவில்லை. கோயில் அன்றும் முழுமையானதே. கோபுரம் பின்னர்ச் சேர்ந்த சிறப்பு.

பிற்சேர்க்கையையும் இவ்வாறே நோக்க வேண்டும். நாள் எண்ணிப் பயன் இல்லை. மூலம் முழுமையாக உள்ளதா என்பதே முதற் கேள்வி. முழுமையான ஆட்டத்துக்கு மறுநாளே பிற்சேர்க்கை வந்தாலும் அது கொடை. குறையுள்ள ஆட்டத்துக்கு மூன்று ஆண்டு கழித்து வந்தாலும் அது கடன். கடனைக் கொடை என்று சொல்லி விலை கேட்பதே முறையற்றது.

ஆகவே பணம் செலுத்துமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். பிற்சேர்க்கை இல்லாமல் கதை தொடங்கி முடிகிறதா? மூல ஆட்டத்தை நான் முடித்துவிட்டேனா, அல்லது முடிக்கும் அளவுக்கு விரும்புகிறேனா? சில திங்கள் பொறுத்தால் எல்லாம் சேர்ந்த முழுப் பதிப்பு குறைந்த விலைக்கு வருமா? 'ஸ்டீம்' கடையில் வாங்குவோர் மற்றொன்றும் அறிந்திருத்தல் நலம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம்.

நண்பர் மேலும் ஒன்று சொன்னார். "திராவிடர் என்று பெயர் வைத்தார்கள். அதில் நாங்களும் அடக்கம்தானே? ஆனால் அந்த வீரர் தமிழ் மட்டுமே பேசுகிறார். எங்கள் தெலுங்கு எப்போது பேசும்?" எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் அந்த வினாவின் சுவை எனக்குத் தெரியும். சித்தூரில் நான் தெலுங்கு வழியில் படித்தவன். தமிழ் எங்கள் வீட்டு அடுப்படியில் மட்டும் பேசும் மொழி என்றே சிறு வயதில் எண்ணியிருந்தேன். தமிழ் எழுத்து இங்கு வந்த பிறகே கைவந்தது. என் பள்ளி நாள்களில், ஓர் ஆட்டத்தில் ஒரு வீரன் தமிழில் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால், அதைக் கேட்டு நானும் சில கேள்விகளை முன்பே கேட்டிருப்பேன். காத்திருப்பு எவ்வளவு நியாயமானதானாலும், காத்திருப்பவரின் வயது நிற்பதில்லை. இதையும் ஆட்டம் செய்வோர் எண்ண வேண்டும்.

சென்ற ஞாயிறு தம்பி தொலைபேசியில் பேசினான். நான் கண்டதை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்படியானால் அன்றைக்கு வாங்காமல் விட்ட அந்த வீரனை இப்போது வாங்கலாமா, அண்ணா?"

"அந்த ஆட்டத்தை முடித்துவிட்டாயா?"

"இல்லை. இராசேந்திரனிலேயே பொழுது போய்விடுகிறது. கடாரத்துக்குக் கப்பல் போனது எந்த ஆண்டு, அண்ணா?"

"1025. வரும்போது புத்தகம் கொண்டு வருகிறேன்" என்றேன்.

"தமிழ்ப் புத்தகமா? எனக்கு வேகமாக வாசிக்க வராதே."

"பரவாயில்லை. மெல்ல வாசி. அதற்குக் காலம் தாழ்ந்துவிடவில்லை."